பரணில் போட்டாலும் கைக்கு எட்ட வேண்டும்



ஆபீஸ் கம்ப்யூட்டரில் இடமில்லை என்று வந்துவிட்டால் நாம் செய்கிற முதல் வேலை பழைய கணக்கை அழிப்பதுதான். "2009 கணக்கு இனிமே யாருக்குக்கா வேணும்?" என்று நாங்களே சொல்லியிருக்கிறோம். கடைசியில் அந்த வருடத்துக் கடனை என்றோ கட்டி முடித்த உறுப்பினர் ஒருவர் வந்து நின்றார். "ரெண்டு தவணை பாக்கின்னு பேங்க்ல சொல்றாங்க, நம்ம லெட்ஜரைப் பாருங்கக்கா" என்றார். குழுவின் நோட்டு மழையில் நனைந்து வீணாகியிருந்தது. கம்ப்யூட்டரிலும் இல்லை. தேடித் தேடி ஒரு பழைய சிடியில் கிடைத்தது. திறந்தால் தமிழே இல்லை, ஒரே கிறுக்கல்!

உண்மையில் இடத்தை அடைப்பது கணக்கு அல்ல. ஒரு குழுவின் ஒரு வருட லெட்ஜர் பெரும்பாலும் ஒரு செல்போன் போட்டோ அளவுகூட வராது. விழா வீடியோக்களும், ஒரே படம் பத்து முறை இருப்பதும்தான் அடைக்கின்றன. அவற்றை முதலில் வெளியே எடுங்கள். ஒரு வருடமாகத் திறக்காத கணக்குகளையும் எடுத்து வைக்கலாம், ஆனால் அழிக்கக் கூடாது.

இதற்குத் தனி ஹார்டு டிஸ்க் வாங்குவது நல்லது. பென் டிரைவ் எடுத்துப் போக வர மட்டுமே. சிடி போடும் வசதி இப்போது பல கம்ப்யூட்டர்களில் இல்லை. கட் செய்யாமல் காப்பி செய்யுங்கள். டிஸ்கில் நாலைந்து ஃபைலைத் திறந்து பார்த்த பிறகே, அதுவும் இரண்டாவது டிஸ்கிலும் ஒரு காப்பி ஏறிய பிறகே, கம்ப்யூட்டரில் அழிக்க வேண்டும். வேலை முடிந்ததும் டிஸ்கைக் கழற்றி பீரோவில் வையுங்கள். மாட்டியே வைத்திருந்தால் கம்ப்யூட்டரில் வரும் வைரஸ் அதையும் கெடுத்துவிடும். இரண்டாவது டிஸ்க் வேறு கட்டிடத்தில் இருக்கட்டும். ஆதார் நகல்கள் இருப்பதால் இரண்டுக்கும் பாஸ்வேர்டு கட்டாயம்.

பரணில் போட்ட பித்தளை அண்டா எந்த மூலையில் என்று தெரியாமல் வீட்டையே கலைப்போமே, அது இங்கே நடக்கக் கூடாது. ஃபோல்டருக்கு வருடம், ஊராட்சி, குழுப் பெயர் என்ற வரிசையில் பெயர் வையுங்கள். 'நியூ ஃபோல்டர் 7' என்று வைத்தால் வைத்தவருக்கே தெரியாது! டிஸ்கில் எண் ஒட்டி, எதில் என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அதே பட்டியல் கம்ப்யூட்டரில் எக்செல் ஃபைலாகவும் இருந்தால், கண்ட்ரோல் எஃப் அழுத்திக் குழுப் பெயரை அடித்ததும் டிஸ்க் எண் தெரிந்துவிடும்.

அந்தக் கிறுக்கலுக்குக் காரணம் எழுத்துரு. அந்தக் காலத்தில் பாமினி, வானவில் போன்றவற்றில் தட்டச்சு செய்தோம். யூனிகோடு மாதிரி இல்லை இவை. அந்த எழுத்துரு கம்ப்யூட்டரில் இல்லாவிட்டால் படிக்க முடியாது. பழைய டிடிபி சென்டர் ஒன்றில் வாங்கி நிறுவினோம். கடைசித் தவணை கட்டிய தேதி பளிச்சென்று தெரிந்தது, அச்செடுத்துக் கொடுத்தோம். இப்போது ஒவ்வொரு டிஸ்கிலும் 'எழுத்துரு' என்று ஒரு ஃபோல்டர் போட்டுவிட்டோம். ஏப்ரல், அக்டோபர் மாதக் கூட்டத்தன்று டிஸ்கை மாட்டித் திறந்தும் பார்க்கிறோம்.