கணக்கும் கணினியும் – 9: ஒரே வரிவிதி, ஐந்து நிரல்கள்

ஒசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகம் ஏற்றிய லாரி, கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை வழியாகச் சிங்காரப்பேட்டைக்கு வந்து சரக்கை இறக்கினால் பில்லில் மத்திய வரி 9, மாநில வரி 9 சதவீதம். அதே சாலையில் செங்கம், திருவண்ணாமலை தாண்டிப் புதுச்சேரிக்குப் போனால், மாநிலம் தாண்டும் சரக்குக்கான ஐஜிஎஸ்டி 18. எதிர்த்திசையில் எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் இறக்கினாலும் ஐஜிஎஸ்டிதான். சரக்கு சேரும் இடத்தைப் பார்த்து இதை முடிவுசெய்யும் சின்ன நிரல்துண்டைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறோம்.

விற்பனை பில், கொள்முதல், கிரெடிட் நோட், இ-வே பில், மாதாந்திர ரிட்டர்ன் என எல்லா நிரல்களுக்கும் இந்தத் துண்டு வேண்டும். அவசரத்தில் பலர் ஐந்து இடத்திலும் நகல் எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். விதி மாறும் வரை எந்தத் தொந்தரவும் இல்லை.

2025 செப்டம்பர் 22 அன்று மாறியது. அதுவரை 28 சதவீதத்தில் இருந்த வாகன உதிரிபாகங்கள் 18 சதவீதத்துக்கு இறங்கின. நகல்களில் நான்கைத் திருத்தி ஒன்றை மறந்திருந்தால், பில் ஒரு கணக்கும் ரிட்டர்ன் வேறு கணக்கும் சொல்லும். எல்லாவற்றையும் 18 என்று மாற்றிவிட்டாலும் தப்புதான்: ஆகஸ்டில் 28 சதவீதத்தில் பில் போட்ட சரக்கு திரும்பி வந்தால், கிரெடிட் நோட்டும் 28 சதவீதத்தில்தான் போட வேண்டும். ஆகவே வரி விகிதத்தை நிரலுக்குள் எழுதவே கூடாது. எந்தத் தேதி முதல் எந்த விகிதம் என்று டேட்டாபேஸில் ஓர் அட்டவணை இருந்தால், விகிதம் மாறும் நாளில் எதையும் மறுபடி கம்பைல் செய்ய வேண்டியதில்லை.

கணக்கிடும் முறை, பைசாவை முழுமையாக்கும் விதம் போன்றவை நிரலில்தான் இருக்கும். அவற்றைப் பொது லைப்ரரியாகப் பிரித்து வைப்பதே சரி. அதிலும் கவனம் வேண்டும். கம்பைல் செய்யும்போதே லைப்ரரி ஒவ்வொரு நிரலுக்குள்ளும் பதிந்துவிடும் முறையில், அதைத் திருத்தினால் ஐந்து நிரல்களையும் மறுபடி பில்ட் செய்தாக வேண்டும். டிஎல்எல் போலத் தனிக் கோப்பாக இருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் கொள்முதல் நிரலின் வசதிக்காக ஃபங்ஷனில் ஒரு விவரத்தைக் கூடுதலாகக் கேட்டுவிட்டால், அது தெரியாத பழைய பில்லிங் நிரல் ஓடும்போதே நின்றுவிடும், அதுவும் கேட்டில் லாரி காத்திருக்கும் நேரத்தில். இருக்கும் ஃபங்ஷனை மாற்றாமல் புதிதாக ஒன்றைச் சேருங்கள். வெர்ஷன் எண்ணை உயர்த்துங்கள். எந்த நிரல் எந்த வெர்ஷனை நம்பியிருக்கிறது என்று எழுதி வையுங்கள். பில்ட் செய்யும்போது லைப்ரரி முதலில், அதை நம்பியவை பிறகு. லைப்ரரி பில்லிங்கையும், பில்லிங் லைப்ரரியையும் நம்பும்படி எழுதிவிட்டால் எதை முதலில் கட்டுவது என்ற கேள்விக்கே விடை கிடையாது. இரண்டுக்கும் பொதுவானதை மூன்றாவதாகப் பிரிப்பதுதான் வழி.

வெளியார் எழுதிய லைப்ரரிகளின் நிலைமை இன்னும் கடினம். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரலை அதன் ஆசிரியர் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கியதும், அதை நம்பியிருந்த திட்டங்களின் பில்ட் உலகெங்கும் உடைந்தது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியில் பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, அது தங்களிடம் இருக்கிறதா என்றே பல நிறுவனங்களுக்குத் தெரியவில்லை. வேறொரு லைப்ரரிக்குள் ஒளிந்து வந்திருந்தது.

ஒசூர்த் தொழிற்சாலைகளில் பிஓஎம் எனும் பாகப் பட்டியல் இல்லாமல் ஒரு வண்டிகூட வெளியே வராது. எந்த போல்ட் எந்த சப்ளையருடையது என்று அதில் இருக்கும். மென்பொருளுக்கும் இப்படிப்பட்ட பட்டியல் வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2024 அக்டோபரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. தொழில் நடத்தும் வாசகர்களே, அடுத்த ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) புதுப்பிப்பில் கையெழுத்திடும் முன் அந்தப் பட்டியலை உங்கள் மென்பொருள் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.