பூனையின் மொழி கேட்போம்

நுழையும்முன்

மொழி மனிதருக்கு மட்டுமே உரியது என எண்ணுகிறோம். ஆயினும், 'வாயில்லா உயிர்' என்று நாம் இரங்கும் பூனை, நாள்தோறும் நம்மோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறது. குரலால் மட்டுமன்றிக் கண்ணாலும் காதாலும் வாலாலும் அது பேசுகிறது. அம்மொழியை அறியும் வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

மீன் ஆய்வதற்காக அரிவாள்மனையைத் தரையில் வைக்கும் ஓசை கேட்டால் போதும். மதில்மேல் உறங்கிய பூனை அடுக்களை வாசலில் வந்து நிற்கும். நம் வீட்டு ஓசைகளுக்கு அது பொருள் கற்றிருக்கிறது. அது எழுப்பும் ஓசைகளுக்கு நாம் பொருள் கற்றிருக்கிறோமா?

தானியம் தந்த உறவு

பூனைக்கும் மனிதருக்குமான உறவு வேளாண்மையில் தொடங்கியது. தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிக் காட்டுப்பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதப் புதைகுழி ஒன்றின் அருகிலேயே பூனையொன்றும் புதைக்கப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டு வெளியிட்டனர். மேலூர், வாடிப்பட்டி முதலிய நெல் விளையும் ஊர்களில், குதிரும் நெல்மூட்டையும் உள்ள வீட்டில் பூனைக்கும் இடமிருந்தது இவ்வுறவின் தொடர்ச்சியே.

ஒக்கூர்ப் புலவரின் கூர்நோக்கு

மதுரைக்குக் கிழக்கே, சிவகங்கை மாவட்டத்தில் உள்ளது ஒக்கூர். சங்கப் புலவர் ஒக்கூர் மாசாத்தியார் இவ்வூரினர் என்பர். கார்காலத்து முல்லை அரும்புகளைக் கண்ட அவருக்கு, வெருகு எனப்படும் காட்டுப்பூனை பல் தெரியச் சிரிப்பது நினைவுக்கு வந்தது (குறுந்தொகை, 220). அவரே மற்றொரு பாடலில், மாலைப்பொழுதில் வேலியருகே வெருகு வந்ததை அறிந்த பேடைக்கோழி, தன் குஞ்சுகளைக் கூவி அழைப்பதைக் காட்டுகிறார் (குறுந்தொகை, 139). அக்கூவலை அவர் வெற்றொலியாகக் கொள்ளவில்லை. யாரை, எதற்காக, எத்தகைய அச்சத்தோடு கோழி அழைக்கிறது என்பதையும் கண்டார். ஒலியை அது எழும் சூழலோடு சேர்த்து உணர்வதே விலங்குமொழியின் முதற்பாடம்.

மியாவ் என்னும் அழைப்பு

குட்டிப்பூனை தாயை அழைக்கக் கத்துகிறது. வளர்ந்த பூனைகள் தமக்குள் 'மியாவ்' என்று பேசிக்கொள்வது அரிது. ஆனால், மனிதரிடம் அவ்வொலியை வாழ்நாள் முழுதும் பயன்படுத்துகின்றன. பசி, கதவைத் திறக்கும் வேண்டுகோள், தனிமை என ஒவ்வொன்றுக்கும் அதன் நீளமும் ஏற்ற இறக்கமும் மாறும். குரலை மட்டும் கேட்டுப் பொருளை உறுதியாகக் கூறுவது எளிதன்று. பூனைகளோடு பழகியோர் பிறரைவிடச் சற்று நன்றாகக் கண்டறிந்தனர் என்பதை 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. பழக்கமே இம்மொழிக்கு அகராதி.

பூனை எழுப்பும் 'குர்ர்' என்னும் ஒலியும் அத்தகையதே. அது மகிழ்ச்சியை மட்டும் குறிப்பதன்று. உணவு வேண்டிக் குறுகுறுக்கும்போது, குழந்தையின் அழுகையை ஒத்த மெல்லிய உயர்குரலும் அதனுள் கலந்திருப்பதை 2009இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். வலியுற்ற பூனையும் குறுகுறுப்பதுண்டு.

கண்ணும் வாலும்

பூனை கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருண்டுவிட்டதாக எண்ணும் என்பது நம் பழமொழி. ஆனால், கண்ணை மெல்லச் சுருக்கி இமைப்பது பூனையின் நட்புக்குறி. மனிதர் அவ்வாறு மெல்ல இமைத்தால் பூனையும் பதிலுக்கு இமைப்பதையும், அவரை நெருங்க விழைவதையும் 2020இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. விழித்து உற்றுநோக்குவதோ அதற்கு அச்சுறுத்தலாகத் தோன்றும்.

வாலை நிமிர்த்தி வருவது வாழ்த்து. வாலை வீசி அடிப்பது எரிச்சல். காதுகளைத் தலையோடு படியவைத்தால் அச்சமோ சினமோ கொண்டுள்ளது என்பது பொருள். வயிற்றைக் காட்டிப் புரள்வது, 'என் வயிற்றைத் தடவு' என்னும் அழைப்பாகவே இருக்க வேண்டியதில்லை. இக்குறிப்பை அறியாமல் கைநீட்டிக் கீறல்பட்டவர் பலர்.

நம் பேச்சு அதற்குப் புரியுமா?

ஜப்பானிய ஆய்வாளர்கள் 78 பூனைகளைக்கொண்டு நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. ஒத்த ஒலியுடைய பிற சொற்களிலிருந்து தம் பெயரைப் பூனைகள் வேறுபடுத்தி அறிகின்றன என்பது அதன் முடிவு. பெயரைக் கேட்டுக் காதைத் திருப்பிவிட்டு இருந்த இடத்திலேயே இருக்கும் பூனை, நம்மை அறியாத பூனையன்று. வருவதா, வேண்டாவா என்பதைத் தானே முடிவுசெய்யும் பூனை. அதனைப் பெயரிட்டு மென்குரலில் அழைத்தல், அதுவாக வரும்வரை காத்திருத்தல், விலகும்போது விட்டுவிடுதல் ஆகியவையே அதனோடு பேசும் முறை.

கேளாமையின் விலை

கடுவன் பூனையொன்று சிறுநீர் கழிக்க மீண்டும் மீண்டும் முயன்று கத்துகிறது. மூலைதோறும் சென்று அமர்கிறது. நாம் அதனைச் சேட்டை எனக் கருதி விரட்டுகிறோம். அதுவோ சிறுநீர்ப்பாதை அடைப்பாக இருக்கலாம். காலந்தாழ்த்தினால் உயிர்போகும், அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். பேச்சைக் கேளாமை இங்கு உயிரிழப்பாகிறது.

தெரிந்து தெளிவோம்

பூசை, பூஞை, வெருகு, மார்ச்சாலம் என்பன பூனையைக் குறிக்கும் சொற்கள். கம்பர் தம் அவையடக்கப் பாடலில், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூசையாகத் தம்மை உவமிக்கிறார்.

பூனை கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெறிநாய்க்கடி நோய் பூனையாலும் பரவும்.

உயிர்களிடத்துப் பரிவு காட்டுவதை நம் அரசமைப்புச் சட்டம் குடிமக்களின் கடமையாகக் கூறுகிறது. அப்பரிவு உணவிடுவதோடு முடிவதில்லை. உற்றுக் கேட்பதையும் உள்ளடக்கியது. நம் சொற்களைப் பேச இயலாத ஓருயிரின் குறிப்பைப் பொறுமையோடு உணரப் பழகியவர், சொல்லத் தயங்கி நிற்கும் மனிதரின் முகக்குறிப்பையும் உணர்வார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள பூனை ஒன்றை ஒருவாரம் தொலைவிலிருந்து உற்றுநோக்கி, அதன் ஒலி, உடற்குறிப்பு, சூழல் ஆகியவற்றைப் பட்டியலிடுக.
2. பூனை குறித்து உங்கள் பகுதியில் வழங்கும் பழமொழிகளையும் நம்பிக்கைகளையும் திரட்டி, அவற்றுள் உண்மைக்குப் பொருந்தாதவை எவை என வகுப்பில் கலந்துரையாடுக.