தீபாவளி நல்லெண்ணெயும் நமது பள்ளிகளும்

சென்னையிலிருந்து கல்கத்தா நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லையை எட்டுவதற்குச் சற்று முன்னர் கும்மிடிப்பூண்டி வருகிறது. சிப்காட் தொழிற்பேட்டையால் பெயர் பெற்ற இவ்வூரின் கடைத்தெருவில் சிறிது நேரம் நின்றால் தமிழும் தெலுங்கும் மட்டுமன்றி, இந்தியும் ஒடியாவும் வங்காளமும் காதில் விழும். இவற்றுள் தெலுங்கு நேற்று வந்த மொழியன்று. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திருத்தணி, 1960 ஏப்ரல் 1 வரையில் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லைக்கோடுதான் நகர்ந்தது, வீட்டு முற்றத்தில் பேசும் மொழி நகரவில்லை. கிழக்கே பழவேற்காட்டில், போர்த்துகீசியர் காலத்தில் 1515ஆம் ஆண்டு தோன்றியதாகக் கூறப்படும் மகிமை மாதா ஆலயம் இருக்கிறது. அரபு எழுத்தில் தமிழை எழுதிப் படித்த இஸ்லாமியக் குடும்பங்களும், மீனவக் குப்பங்களும் அதே ஏரியை அண்டியே வாழ்ந்து வருகின்றன. இலங்கைப் போரினால் வீடிழந்து வந்த தமிழர்களின் முகாமொன்றும் கும்மிடிப்பூண்டியில் உண்டு.

இத்தகைய வட்டாரத்தில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் வகுப்பறையை எண்ணிப் பாருங்கள். நாற்பது பிள்ளைகள் அமர்ந்திருந்தால், அவர்களுள் ஞானஸ்நானம் பெற்றவர்கள் சிலராகவே இருப்பர். ஆண்டு விழா நெருங்கும்போது இப்பன்மை நமக்குச் சட்டென்று நினைவுக்கு வருகிறது. ஒரு பிள்ளைக்கு நெற்றியில் திருநீறு, ஒரு பிள்ளைக்குத் தலையில் குல்லா, இன்னொரு பிள்ளைக்குக் கழுத்தில் சிலுவை. மூவரும் கைகோத்து நின்று ஒரு பாட்டு. பெற்றோர் கைதட்ட, புகைப்படமும் எடுக்கப்படுகிறது. இதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும், மறுநாள் காலையில் அதே பிள்ளைகள் சீருடையில் வரும்போது, அவர்கள் வீட்டில் எந்த மொழி பேசுகின்றனர், எந்த நாளில் நோன்பிருக்கின்றனர் என்பதை ஆசிரியர் அறிவாரா? கேட்க வேண்டிய கேள்வி அதுவே.

திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் நடந்ததொன்றை இங்கு விரிவாகக் கூற விரும்புகிறேன். 1844இல் நாகப்பட்டினத்தில் இயேசு சபையாரால் தொடங்கப்பெற்று, 1883இல் திருச்சிக்கு மாறிய கல்லூரி அது. 1950இல் இராமேசுவரத்திலிருந்து ஓர் இஸ்லாமிய இளைஞர் அங்கு வந்து சேர்ந்தார். பின்னாளில் குடியரசுத் தலைவராக விளங்கிய அப்துல் கலாம் அவர்களே அவர். விடுதி அறையில் அவருடன் தங்கியவர்கள் இருவர்: ஒருவர் திருவரங்கத்தைச் சேர்ந்த ஆசாரமான ஐயங்கார், மற்றவர் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர். மூவரும் மகிழ்ந்து வாழ்ந்ததாக அவர் தம் வாழ்க்கை வரலாறான ‘அக்கினிச் சிறகுக’ளில் எழுதியிருக்கிறார்.

அவ்விடுதியின் காப்பாளராகவும் ஆங்கில ஆசிரியராகவும் இருந்தவர் அருள்தந்தை செக்குவேரா. விடுதியில் ஏறக்குறைய நூறு மாணவர்கள். இரவுதோறும் கையில் திருவிவிலியத்துடன் ஒவ்வொரு மாணவரையும் பார்த்து வருவது அவருடைய வழக்கம். மாணவர்களின் சின்னஞ்சிறு தேவைகளும் அவர் கண்ணுக்குத் தப்பா. தீபாவளியன்று அவர் சொற்படி, விடுதிப் பொறுப்பிலிருந்த அருட்சகோதரரும் உணவுக்கூடத் தொண்டர்களும் அறை அறையாகச் சென்று, எண்ணெய் நீராட்டிற்கென நல்லெண்ணெய் வழங்குவர்.

இந்நிகழ்ச்சியில் மேடை இல்லை, சொற்பொழிவு இல்லை. வீட்டிலிருந்தால் விடியுமுன் தாய் தலையில் எண்ணெய் வைப்பாளே என்று ஏங்கும் பிள்ளையின் மனத்தை, துறவியான ஒருவர் அறிந்திருந்தார். அவ்வளவே. ஆனால் மற்றொன்றையும் கவனியுங்கள்: அவர் தம் திருவிவிலியத்தை அறையில் மறைத்து வைத்துவிட்டு மாணவரைப் பார்க்கச் செல்லவில்லை. தாம் யார் என்பதை ஒவ்வோர் இரவும் வெளிப்படையாகக் காட்டியவரே, பிறர் பண்டிகைக்கு வேண்டியதையும் கொடுத்தார். அக்கல்லூரியில் மூன்றாம் ஆண்டு பயின்றபோது கலாம் சைவ உணவுக்கூடத்தின் செயலாளராக இருந்தார். ஒரு ஞாயிறன்று அதிபர் தந்தை களத்தில் அவர்களை விருந்துக்கு அழைத்து, மாணவர்கள் தத்தம் வீட்டுப் பக்குவங்களையெல்லாம் சமைத்துப் பரிமாறினர். விளைவு எதிர்பார்த்தபடி அமையவில்லையாம். எனினும் தந்தை வாயாரப் புகழ்ந்தாராம்! அத்தகைய உணவை உண்டு புகழ்வதற்கும் ஒரு தனிப் புண்ணியம் வேண்டும்.

இவை நடந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடுவதற்குப் பத்தாண்டு முன்னர் என்பது குறிப்பிடத்தக்கது. சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று, ஒரே நாளில், கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையையும், பிற சமயங்களோடு திருச்சபைக்குள்ள உறவு பற்றிய அறிக்கையையும் வெளியிட்டது. கத்தோலிக்கரல்லாத மாணவர்களும் பயிலும் நம் பள்ளிகள் திருச்சபையின் அன்புக்குச் சிறப்பாக உரியவை என முதலாவது ஏடு கூறுகிறது. 2024இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையும் நம் பள்ளிகளுக்கு வழிமுறைகளை அளித்தது. பிற சமய மாணவர் மீது நம் மரபுகளைத் திணிக்கலாகாது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அரசியலமைப்பின் முகவுரையை நாள்தோறும் வாசிக்க வேண்டும். பல சமயத்தாரும் இறைவேண்டல் செய்ய ஓர் அறை அமைக்க வேண்டும் என்பன அவற்றுட் சில.

பங்கு மக்களிடையே இதற்கு ஒரு முணுமுணுப்பு எழுவதுண்டு. “நம் பிள்ளைகளுக்கென்று நம் முன்னோர் கட்டிய பள்ளியில் நம் சமயத்திற்கே இடம் குறைகிறதே” என்பர். இவ்வச்சத்தை எள்ளி நகையாடுவது முறையன்று. மறைக்கல்வி வகுப்பைத் தேர்வுகளுக்காகத் தள்ளிப்போடும் பள்ளிகளைக் குறித்து எனக்கும் மனவருத்தம் உண்டு. தன் செபத்தை அறியாத பிள்ளை, அடுத்த இருக்கையில் இருப்பவனின் தொழுகையை எங்ஙனம் மதிக்கும்? ஆகவே நம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியைக் குறைவின்றிக் கொடுப்போம். அதே வேளையில் பிறருக்கு நன்னெறி வகுப்பு நடக்கட்டும். அரசு ஏற்பு பெற்ற பள்ளியில் பெற்றோரின் இசைவின்றி எப்பிள்ளையையும் சமயப் போதனையில் பங்குகொள்ளச் செய்யலாகாது என்று அரசியலமைப்பின் 28ஆம் பிரிவும் விதிக்கிறது. சட்டம் இல்லாவிடினும் நாம் அவ்வாறே நடந்திருக்க வேண்டும்.

‘நம்மவர்’ என்று யாரைக் கூறுகிறோம் என்பதும் சிந்தனைக்குரியது. ஆலைகளுக்கு வேலை தேடி வருபவர்களை ‘வடக்கத்தியார்’ என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். சோட்டாநாகபுரியில் 1885 முதல் பழங்குடி மக்களிடையே உழைத்த இயேசு சபைத் தந்தை கான்ஸ்டன்ட் லீவன்ஸ் அவர்களின் பணியால் உருவான கத்தோலிக்கச் சமூகம், இன்றைய ஜார்க்கண்டில் வேரூன்றியுள்ளது. ஆலை வாயிலில் இரவு வேலை முடிந்து வெளிவரும் ஓர் இளைஞனின் சட்டைக்குள் செபமாலை இருக்கக்கூடும். ஞாயிறு திருப்பலியில் கடைசி வரிசையில் நின்று, மொழி விளங்காமல் திரும்பிச் செல்பவனும் அவனாக இருக்கலாம்.

அவர்களிலும் கீழ்ப்பட்ட நிலையில் இருப்பவை செங்கற்சூளைக் குடும்பங்கள். திருவள்ளூர் மாவட்டத்துச் சூளைகளுக்கு மேற்கு ஒடிசாவிலிருந்து மழைக்காலம் கழிந்ததும் அவர்கள் வருகின்றனர். கோடையின் இறுதியில் ஊர் திரும்புகின்றனர். முன்பணம் வாங்கிவிட்டு வருவதால் இடையில் நகர இயலாது. பிள்ளைகளும் உடன் வருகின்றனர். கல்வியாண்டின் நடுவில் சொந்த ஊர்ப் பள்ளியை விட்டு வரும் பிள்ளைக்கு, இங்குள்ள பள்ளியின் பாடம் ஓர் எழுத்தும் புரியாது. இதனையறிந்து 2010க்குப் பிந்திய ஆண்டுகளில் அரசும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து, சூளைகளை ஒட்டி ஒடியா மொழியிலேயே வகுப்புகளை நடத்தின. அதற்குரிய பாடநூல்கள் ஒடிசாவிலிருந்து வரவழைக்கப்பட்டன. ஒரு பிள்ளையின் மொழியை மதிப்பது என்றால் இதுதான்: அவன் மொழியில் ஒரு நூலை அவன் கையில் கொடுப்பது.

இவ்விடத்தில் நம்மிடம் ஒரு செல்வம் பயன்படாமல் இருக்கிறது. வடநாட்டில் பல்லாண்டு மறைப்பணியாற்றித் திரும்பிய அருட்சகோதரிகள் நம் கன்னியர் இல்லங்களில் உள்ளனர். இந்தி, ஒடியா, சோட்டாநாகபுரியின் சாத்ரி மொழி ஆகியவற்றை அவர்கள் வீட்டுமொழி போலப் பேசுவர். சூளைக்கு வேலையாட்கள் வந்து சேர்வது பெரும்பாலும் கிறிஸ்து பிறப்புக் காலத்தையொட்டியே. அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரத்தில், அத்தகைய சகோதரி ஒருவரும் மேல்வகுப்பு மாணவர் இருவரும் அருகிலுள்ள சூளைக்கு ஒரு நடை சென்று, எத்தனை பிள்ளைகள் வந்திருக்கின்றனர், ஊரில் எந்த வகுப்பு வரை படித்தனர் என்று எழுதிக்கொண்டு வரலாம். சூளை முதலாளியிடம் முன்கூட்டியே பங்குத்தந்தை ஒரு சொல் சொல்லி வைத்தால் வேலை எளிதாகும்.