நகலே மூலமான கதை

கடந்த சித்திரைப் புதுவருஷ விடுமுறையில் கனடாவிலிருந்து கந்தளாய்க்கு வந்திருந்த என் தங்கையின் மகன், வெயிலுக்குப் பயந்து ஊரெல்லாம் கதவைச் சாத்திப் படுத்துறங்கும் மத்தியான வேளையொன்றில், உறங்க மனமின்றி அலுமாரிகளையும் பெட்டிகளையும் குடைந்து திரிந்து, முடிவில் அம்மாவின் பழைய தகரப் பெட்டியின் அடியிலிருந்து, பத்திரிகைத் தாளில் சுற்றி நூலால் கட்டியிருந்த ஒரு பொருளை வெளியே எடுத்தான். பழுப்பேறிய வெள்ளைப் பிளாஸ்டிக்கும் மங்கிய சிவப்புமாக, இரு புறமும் வயரில் தொங்கிய ஜொய்ஸ்ரிக்குகளோடு இருந்த அந்த யந்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அடிப்பாகத்தில் பாதி உரிந்து கிடந்த தாளை எழுத்துக்கூட்டி வாசித்தான். பின்பு, பிள்ளைகளுக்கே உரிய தயவு தாட்சணியமற்ற நிச்சயத்தோடு, "மாமா, இது ஒரிஜினல் இல்லை, ஃபேக்" என்றான்.

அவன் சொன்னதில் பிழையில்லை. ஆயினும், முப்பது வருஷங்களாக என் ஞாபகத்தில் மூலப்பொருளாகவே வீற்றிருந்த ஒன்றை ஒரே சொல்லில் நகலாக்கிவிட்ட அந்தத் தீர்ப்பை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. ஏனெனில், எந்த மூலத்துக்கு அது நகலோ, அந்த மூலத்தை நாங்கள் எவரும் கண்ணாற் கண்டதேயில்லை.

அந்த மூலம், சீட்டுக்கட்டு அச்சடிப்பதற்காக 1889இல் ஜப்பானின் கியோத்தோ நகரில் ஆரம்பிக்கப்பட்ட நின்டெண்டோ நிறுவனம் 1983ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் திகதி விற்பனைக்கு விட்ட ஃபமிகொம் என்னும் யந்திரமாகும். அதன் உருவத்தையும் பெயரையும் மாற்றி 1985இல் அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். இரண்டுஞ் சேர்ந்து உலகெங்கும் 6 கோடியே 19 லட்சம் விற்றன என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. அந்தக் கணக்கில் எங்கள் வீட்டு யந்திரம் சேராது. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து ஊரை வாரிக்கொண்டு போன பிற்பாடு, எங்கள் வீட்டிலே எந்தக் காரியத்துக்கும் 'உடைப்புக்கு முந்தி', 'உடைப்புக்குப் பிந்தி' என்றே காலக்கணக்கு வைப்பது வழக்கமாயிற்று. அக்கணக்கின்படி, உடைப்புக்கு ஏழாம் வருஷம், வளைகுடா நாடொன்றிலே சாரதியாக இருந்த சித்தப்பா லீவில் வந்தபோது, சவர்க்காரக் கட்டிகளுக்கும் போர்வைகளுக்கும் நடுவே பொதிந்து கொண்டுவந்து சேர்த்தது இந்த 'ரீவி கேம்'. நின்டெண்டோ என்ற பெயரை அன்று எங்களில் ஒருவரும் அறியோம். வீட்டிலிருந்த கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி கார் பற்றரியில் ஓடிற்று; சைக்கிள் கரியரில் வைத்துச் சந்திக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றிவந்த பற்றரியின் வலுவெல்லாம் செய்திக்கும் படத்துக்குமென்று அப்பா கணக்குப் பார்த்து ஒதுக்கியிருந்தபடியால், நாங்கள் மின்சாரம் உள்ள கடைத்தெருவுக்கு, ரேடியோ திருத்தும் நானாவின் கடைக்கு யந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனோம்.

நானாவுக்கு விளையாட்டிலே நாட்டமில்லை. எந்தச் சாமானையும் திறந்து உள்ளே என்ன இருக்கிறதென்று பார்ப்பதிலேதான் அவருக்கு ஆசை. முதல் நாளே நாலு திருகாணிகளைக் கழற்றி, பச்சைப் பலகையின்மேல் நாற்பது கால்களோடு மரவட்டைகளைப்போலப் படுத்திருந்த இரண்டு பெரிய சில்லுகளைக் காட்டி, "இவையள்தான்ரா ராசாவும் மந்திரியும்" என்றார். ஒன்று கணக்குப் போடுவது, மற்றது படம் வரைவது. பிற்காலத்தில் நான் அறிந்துகொண்ட மட்டில், நானாவின் உவமை நூற்றுக்கு நூறு சரி. ஃபமிகொமின் இதயமாகிய 6502 வகைச் சில்லு செக்கனுக்குச் சுமார் 18 லட்சம் துடிப்புகளோடு ஓடுவது. அது குறிப்பெழுதிக்கொள்ள இருந்த நினைவகமோ வெறும் 2 கிலோபைற்று. நாங்கள் 'கசெற்' என்று அழைத்த பொருளில் நாடா ஒன்றும் இல்லை. அதுவும் ஒரு சில்லுப் பலகையே. அதை அழுத்திச் செருகும் கணத்தில், அறுபது பித்தளைப் பற்கள் கவ்விக்கொள்ள, கசெற் தனிப்பொருளாக இருப்பதை விட்டு யந்திரத்தின் அங்கமாகவே ஆகிவிடுகிறது. சூப்பர் மாரியோ என்ற அந்த மீசைக்காரத் தச்சனின் முப்பத்திரண்டு கட்டப் பிரயாணமும், மேகமும் ஆமையும் காளானும், அத்தனை சங்கீதமும் சேர்ந்து 40 கிலோபைற்றுக்குள் அடக்கம். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் புகைப்படமொன்றிலே அது ஐம்பதில் ஒரு பங்குகூடத் தேறாது. (விளையாட்டு வெளியான காலத்தில் மாரியோ தச்சனல்ல, குழாய் திருத்துபவன் என்று மருமகன் திருத்தினான். எங்கள் தெருவில் அவன் தச்சன்தான்.)

இனி, நகல் எப்படி உண்டாயிற்றென்னும் விஷயத்துக்கு வருவோம். 1980இல் தாய்வானில் தோன்றிய யூஎம்சி என்னும் சில்லு உற்பத்தி நிறுவனம், ஃபமிகொமின் இரண்டு பெரிய சில்லுகளையும் அப்படியே ஒத்து நடக்கும் சில்லுகளைச் செய்து வெளியிட்டது. அவற்றை வாங்கிப் பலகையில் பொருத்தி, பலவித ஓடுகளில் அடைத்து, பலவிதப் பெயர்கள் ஒட்டி, ஆசியாவிலும் அரபு தேசங்களிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் விற்றார்கள். மைக்ரோ ஜீனியஸ் என்பது அப்பெயர்களுள் ஒன்று. ருஷ்யாவிலே 1992இன் இறுதியில் டெண்டி என்ற பெயரோடு, ஒரு யானைக்குட்டியின் சித்திரத்தோடு அது புறப்பட்டு, அந்தத் தேசத்து ஒரு தலைமுறைக்கே விளையாட்டு என்றால் டெண்டி என்றாகிவிட்டது.

இவர்கள் வெறும் பிரதியெடுத்தவர்கள்தானா என்று கேட்டால், இல்லை என்றே சொல்வேன். காரணம் தொலைக்காட்சியில் இருக்கிறது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் திரையிலே செக்கனுக்கு 60 தடவை படம் தீட்டப்படும். ஒவ்வொரு தடவையும் யந்திரம் 262 கோடுகளைக் கணக்கிடும். இலங்கை உட்பட 'பால்' முறையைக் கைக்கொண்ட தேசங்களிலோ செக்கனுக்கு 50 தடவை, 312 கோடுகள். திரையின் அடிவரை போன கதிர் மேலே திரும்பும் அந்தச் சிறு இடைவேளையில்தான் விளையாட்டு அடுத்த படத்துக்கு வேண்டிய மாற்றங்களைச் செய்தாக வேண்டும். அதனால், ஜப்பானியர் எழுதிய விளையாட்டுகளில் பல, இன்ன கோட்டில் இன்ன கணத்தில் இதைச் செய் என்று மயிரிழைக் கணக்கில் அமைந்திருந்தன. நின்டெண்டோ தானே ஐரோப்பாவுக்குச் செய்த யந்திரத்தில் இரண்டு சில்லுகளின் வேக விகிதமே மாறிப்போனபடியால், அந்த மயிரிழைக் கணக்கு அங்கே பிசகிற்று. விளையாட்டுகளை ஐரோப்பாவுக்கென்று தனியே திருத்தி விற்க வேண்டியதாயிற்று. தாய்வான்காரர்களுக்கு அந்த வசதி இல்லை. அவர்களுக்குக் கிடைத்தவை ஜப்பானியக் கசெற்றுகள். அவற்றை விற்கவேண்டிய இடமோ பால் தேசங்கள். ஆகவே யூஏ6538 என்ற படச்சில்லிலே அவர்கள் ஓர் உபாயம் செய்தார்கள்: வேக விகிதத்தைப் பழையபடி ஒன்றுக்கு மூன்றாகவே வைத்துக்கொண்டு, மிஞ்சி நின்ற 50 கோடுகளையும், இடைவேளை வந்துவிட்டதென்று விளையாட்டுக்கு அறிவிப்பதற்கு முன்பாக, சும்மா கழியும் வெற்றுக் கோடுகளாக்கி விட்டார்கள். கசெற்றுக்குத் தான் ஜப்பானிலே ஓடுவதாகவே நினைப்பு. கந்தளாயில் ஓடுவது அதற்குத் தெரியாது. மூலத்தைச் செய்தவர்கள் சாதிக்காமல் விட்ட ஒரு காரியத்தை நகல் செய்தவர்கள் சாதித்தார்கள் என்று இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை.

ஆனால், ஒரு குறை நின்றது. படத்துக்குப் படம் கணக்குவைத்து ஓடும் விளையாட்டு, செக்கனுக்கு 60 தடவைக்குப் பதில் 50 தடவை தீட்டப்பட்டால், ஆறிலே ஒரு பங்கு வேகம் குறைந்துதான் நடக்கும். எங்கள் மாரியோ ஜப்பானிய மாரியோவைவிட மெள்ளத்தான் ஓடினான். அவனுடைய பாட்டும் அதே அளவுக்கு ஆறுதலாகத்தான் ஒலித்தது. அந்தப் பாட்டின் குரல்கூட வேறு. ஃபமிகொமின் இன்னிசையில் பெரும்பகுதி சதுர அலைகளால் ஆனது. அலையின் மேடு பாதிநேரம் நீடித்தால் மூங்கிற் குழல்போலக் குடைவான நாதம், கால்நேரம் நீடித்தால் சீவாளி வைத்த வாத்தியம்போல மூக்கால் பாடும் நாதம். நகல் சில்லுகள் பலவற்றில் இந்த இரண்டும் இடம்மாறிப் பதிந்துவிட்டன. குழல் ஒலிக்கவேண்டிய இடத்தில் நாகசுரம், நாகசுரத்தின் இடத்தில் குழல். சில வருஷங்களுக்கு முன் மூல யந்திரத்தின் ஒலிப்பதிவை முதன்முதலாகக் கேட்டபோது, யாரோ அதைக் கெடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றிற்று.

'99,99,999 விளையாட்டுகள்' என்று பட்டியல் காட்டிய கசெற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெய்யாக உள்ளே இருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றதெல்லாம் அதே விளையாட்டை இரண்டாங் கட்டத்தில் ஆரம்பிப்பது, முப்பது உயிரோடு ஆரம்பிப்பது என்ற வேஷங்கள். நாங்கள் ஒரு விடுமுறை முழுதும் கொப்பியில் இலக்கம் போட்டுப் பரிசோதித்து அறுநூறுவரை போய்க் கைவிட்டோம்.

இன்றைக்கு இவ்விளையாட்டுகளை ஆட விரும்புகிறவர் என்ன செய்யலாம்? பழைய யந்திரம் கைவசம் இருந்தால் அதைத் தேற்றுவதே முதல் வழி. அடப்டரைச் செருகுமுன் யந்திரத்தின் முதுகில் எழுதியிருக்கும் வோல்ற்றையும், செருகியின் மத்தியில் நேரா எதிரா என்பதையும் ஒப்புப் பார்ப்பது அவசியம். ஃபமிகொம் வம்சத்தில் மத்தி எதிராக இருப்பது உண்டு, இக்காலத்து அடப்டர்களில் அது நேராக இருப்பதே பெரும்பான்மை, மாறிச் செருகினால் புகைதான் மிஞ்சும். கசெற்றின் வாயில் ஊதும் சம்பிரதாயத்தை விட்டுவிட வேண்டும். ஊதியதால் அல்ல, கழற்றித் திரும்பச் செருகியதால்தான் அது வேலைசெய்தது. மூச்சின் ஈரம் பற்களில் களிம்பேற்றியதே அந்த ஊதலின் பலன். பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, பஞ்சிலே ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போதும்.

புதிதாக வாங்குவோருக்குக் கொழும்புப் புறக்கோட்டையிலும் திருகோணமலைக் கடைகளிலும் எளிதில் அகப்படுபவை, நானூறு விளையாட்டு அடங்கிய கையடக்க யந்திரங்களும், தொலைக்காட்சியின் பக்கத்தில் செருகும் 'கேம் ஸ்டிக்' குச்சிகளும். முன்னதன் வயிற்றில், நானா காட்டிய ராசாவும் மந்திரியும் ஒரே கறுப்புப் பசைக் குமிழுக்குள் ஒடுங்கிக் கிடக்கிறார்கள். பின்னது யந்திரமே அல்ல. பழைய யந்திரத்தைப்போல நடிக்கும் ஒரு சிறு கணினி. இரண்டிலும் கசெற்றுக்கு இடமில்லை. பழைய யந்திரத்தின் காப்புரிமைகள் காலாவதியாகிவிட்டபடியால் அதைப்போன்ற யந்திரம் செய்வது இன்று குற்றமில்லை. ஆனால் விளையாட்டுகளின் பதிப்புரிமை உயிரோடுதான் இருக்கிறது, எங்கள் நாட்டின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டமும் அதைப் பாதுகாக்கிறது. நானூறு விளையாட்டை அனுமதியின்றி அடைத்து விற்பவர் அந்தச் சட்டத்துக்குப் புறம்பானவர் என்பதை, சித்தப்பாவின் யந்திரத்தையும் சேர்த்தே, ஒப்புக்கொள்ள வேண்டும்.

கசெற்றைச் செருகி ஆடத்தான் வேண்டுமென்று பிடிவாதமுள்ளவர்களுக்கு வெளிநாடுகளில் இருவகை யந்திரங்கள் உண்டு. 2014இல் வந்த ரெட்ரோன் 5 போன்றவை கசெற்றில் உள்ளதை முதலில் முழுவதும் வாசித்துக்கொண்டு, பின்பு கணினி நடிப்பால் ஓட்டுபவை. எங்கள் லட்சக்கணக்கு விளையாட்டுக் கசெற்றைச் செருகினால் இன்னதென்று அறியாமல் இவை திகைத்து நிற்கக்கூடும். 2016இல் வந்த ஏவிஎஸ், 2017இல் வந்த அனலொக் நிறுவனத்தின் என்டி மினி ஆகியவை வேறு ஜாதி. அவற்றிலுள்ள எஃப்பிஜிஏ என்னும் சில்லு, வெறுமையாகப் பிறந்து, எந்தச் சில்லின் வயரிங்கைச் சொல்லிக்கொடுத்தாலும் அந்தச் சில்லாகவே தன்னை அமைத்துக்கொள்வது. அங்கே பழைய யந்திரம் நடிக்கப்படவில்லை, மறுபடி பிறக்கிறது. அமெரிக்கக் கசெற்றுக்குப் பற்கள் எழுபத்திரண்டு, எங்களுடையதற்கு அறுபது. வாங்குமுன் வாயை அளந்துகொள்ள வேண்டும். பணங்கொடுத்து வாங்கத்தக்கவை இவைதான் என்றாலும், எனக்கு வாங்கும் ஆசை எழவில்லை. ஏனெனில் அவை ஜப்பானிய வேகத்தில் ஓடி, ஜப்பானியக் குரலில் பாடுவதற்கே பெயர் பெற்றவை.

எனக்கு வேண்டியது வேறோரிடத்தில் இருந்தது. மெசென் என்னும் இலவச மென்பொருளின் அமைப்புப் பட்டியலைத் துழாவிக்கொண்டிருந்தபோது, ஜப்பான், ஐரோப்பா என்ற இரு தெரிவுகளுக்கு அடுத்து மூன்றாவதாக டெண்டி என்று ஒன்று இருக்கக் கண்டேன். அந்த 50 வெற்றுக் கோடுகளும் அதில் உண்டு. ஒலிப் பக்கத்திலே, சதுர அலைகளின் அளவை இடம்மாற்றுவதற்கு, பழைய நகல் யந்திரங்களைப்போல ஒலிப்பதற்கு என்ற குறிப்போடு ஒரு சிறு கட்டமும் இருந்தது. அந்தக் கட்டத்தில் சரியடையாளம் இட்டேன். கனடாப் பிள்ளை எட்டிப்பார்த்து, "ஏன் மாமா இவ்வளவு ஸ்லோ?" என்று கேட்டான், அடுப்படியிலிருந்து என் அம்மா, "அந்தச் சத்தத்தை நிப்பாட்டடா, தலையிடிக்குது" என்றாள்.

அவனுக்கு வாத்துச் சுடும் விளையாட்டின்மேல்தான் கண். சித்தப்பா கொண்டுவந்த பிளாஸ்டிக் துவக்கு உயிரோடு இருந்தும், வீட்டுத் தட்டைத் தொலைக்காட்சியில் ஒரு வாத்தும் விழவில்லை. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் இருண்டு, அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் மின்ன, துவக்கின் வாயிலுள்ள கண் அந்த ஒளியைப் பார்க்க வேண்டும். கதிர் ஓடும் பழைய கண்ணாடிக் குழாய்த் திரையின் துடிப்பையே அது எதிர்பார்க்கிறது, தட்டைத் திரையோ தாமதித்துக் காட்டுகிறது, துடிப்பதுமில்லை. நானாவின் கடையை இப்பொழுது அவருடைய மகன் நடத்துகிறார். பின்னறையில் தூசு மூடிக் கிடந்த பதினான்கு அங்குலக் குழாய்த் தொலைக்காட்சியொன்றை அவர் காசு வாங்காமல் ஓட்டோவில் ஏற்றிவிட்டார். குளக்கட்டு வீதியின் குலுக்கலில் அதை மடியில் வைத்துக் கொண்டுவந்து, மாலை ஐந்தரைக்கு மாட்டி, அலைவரிசையைத் திருகிப் பிடித்தோம். முதல் வாத்து தப்பியது. நாய் சிரித்தது. இரண்டாவதும் மூன்றாவதும் விழுந்தன. நாலாவது பறக்கத் தொடங்கியபோது கரண்ட் போய்விட்டது.