பதிவுக்கு முன்பே முடிந்துவிடும் இதயம்

கருவின் உறுப்புகளில் முதலில் வேலையைத் தொடங்குவது இதயம். கருத்தரித்த ஏறத்தாழ 22-ஆம் நாளில், கரு சில மில்லிமீட்டர் நீளமே இருக்கும்போது, வெறும் குழாயாக உள்ள அது துடிக்கத் தொடங்கிவிடுகிறது. தாய்க்கோ அப்போது நாள் தள்ளிப்போய் ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். எட்டாம் வார முடிவுக்குள் நான்கு அறைகளும், அவற்றைப் பிரிக்கும் சுவர்களும், வால்வுகளும், இரு பெரிய தமனிகளும் அமைந்துவிடுகின்றன. கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணும் மருத்துவமனைக் கணக்கில் இது பத்தாம் வாரம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் கருவுற்றதைப் பதிவு செய்ய விதித்திருக்கும் கெடுவோ 12 வாரம். ஆகவே வடசென்னையின் ராயபுரத்திலோ எண்ணூரிலோ உள்ள பெண் ஒருவர் விதிப்படி உரிய காலத்திலேயே கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் பெற்றுவிட்டாலும், அவர் வயிற்றிலுள்ள குழந்தையின் இதயம் அதற்குள் கட்டி முடிக்கப்பட்டிருக்கக்கூடும்.

கருவின் தலைப்பக்கத்தில் குதிரை லாட வடிவில் திரளும் உயிரணுக்களிலிருந்து இரு மெல்லிய குழாய்கள் தோன்றி, ஒன்றாக இணைந்து, நான்காம் வாரத்தில் வலப்புறமாக வளைந்து மடிகின்றன. மடிந்த குழாயின் நடுவில் மெத்தை போன்ற திசுக்கள் இரு பக்கமிருந்தும் வளர்ந்து மேலறைகளையும் கீழறைகளையும் பிரிக்க, அதே வேளையில் மேலறைகளுக்கு இடையிலும் கீழறைகளுக்கு இடையிலும் சுவர்கள் எழுகின்றன. பின்மூளை உருவாகும் பகுதியிலிருந்து புறப்பட்டு வரும் நரம்பு முகட்டு உயிரணுக்கள், இதயத்திலிருந்து வெளியேறும் ஒற்றைக் குழாயைத் திருகுச் சுருளாக இரண்டாக வகுக்கின்றன. உடலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் பெருந்தமனி ஒன்று, நுரையீரல் தமனி மற்றொன்று. இவ்வளவும் இரத்த ஓட்டம் ஒரு கணமும் நில்லாமல் நடக்கின்றன. காசிமேட்டு விசைப்படகு ஒன்றின் எந்திரத்தை, படகு கடலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, நிறுத்தாமல் பிரித்துக் கட்டுவதற்கு ஒப்பான வேலை இது. இதில் எப்போதாவது பிழை நேர்வதைவிட, பெரும்பாலும் பிழையின்றி முடிவதே வியப்புக்குரியது.

பிழை எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்பதைப் பொறுத்தே குறையின் வகை அமைகிறது. கீழறைச் சுவர் முழுமையாக மூடாவிட்டால் ‘ஹார்ட்டில் ஓட்டை’ என்று வழக்கில் சொல்லப்படும் குறை உண்டாகிறது. மிகப் பரவலான இவ்வகையில் சிறு துளைகள் பலவும் தாமாகவே மூடிக்கொள்கின்றன. தமனிகளைப் பிரிக்கும் சுவர் சுருளாமல் நேராக இறங்கினால் இரு தமனிகளும் இடம் மாறிவிடுகின்றன. அச்சுவர் ஒரு பக்கமாக விலகினால் நுரையீரலுக்குச் செல்லும் வழி குறுகி, 1888-இல் பிரெஞ்சு மருத்துவர் ஃபாலோ விவரித்த நான்கு குறைகளின் தொகுதி தோன்றுகிறது. உதடும் நகமும் நீலம் பாரிக்கும் குழந்தைகளில் பலர் இவ்வகையினர். உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளில் ஏறத்தாழ 8 அல்லது 9 பேருக்குப் பிறவி இதயக் குறை ஏதேனும் ஒன்று இருக்கிறது.

காரணம் பெரும்பாலும் ஒற்றையானதன்று. கிரகணத்தன்று வெளியே வந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று மருமகள் மீது பழி போடும் வழக்கத்துக்கு எந்த ஆதாரமும் இல்லை. ஆதாரம் உள்ளவற்றில் முதன்மையானது ரூபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மை. கருவுற்ற தொடக்கத்தில் தாய்க்கு வந்த இந்நோய் குழந்தையின் கண்ணையும் இதயத்தையும் தாக்குவதை ஆஸ்திரேலிய மருத்துவர் நார்மன் கிரெக் 1941-இல் கவனித்தார். கருத்தரிக்கும் முன்பே கட்டுப்பாடின்றி இருக்கும் சர்க்கரை நோய் ஆபத்தைப் பல மடங்காக்குகிறது. ஆனால் கர்ப்பத்தின் நடுப்பகுதியில் புதிதாகத் தலைகாட்டும் சர்க்கரை, இதயம் உருவாகி முடிந்த பின்னரே வருவதால், அந்த அளவுக்கு இவ்வகையில் அஞ்சத்தக்கதன்று. சில வலிப்பு மாத்திரைகளும் முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயினும் கருவைப் பாதிப்பவை. வலிப்பு மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்துவது அதைவிடக் கேடு. சொந்தத்தில் திருமணம் செய்வோர் தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் என்று ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுவதால், நெருங்கிய உறவுத் திருமணத்தையும் இக்கணக்கிலிருந்து ஒதுக்க முடியாது. மணலி, எண்ணூர் ஆலைப் புகைபோக்கிகளைப் பற்றிய கேள்வியும் நியாயமானதே: பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளிவந்த மதிப்பாய்வொன்று நைட்ரஜன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு ஆகியவற்றுக்கும் சிலவகை இதயக் குறைகளுக்கும் தொடர்பைக் கண்டது. எனினும், ஒரு குறிப்பிட்ட குழந்தையின் குறைக்கு ஒரு குறிப்பிட்ட ஆலையைக் காரணமாக்க இச்சான்று போதாது. காற்றைத் தூய்மையாக வைக்கச் சொல்வதற்குப் போதும்.

உருவாகிவிட்ட குறையைக் கண்டுபிடிக்க ‘அஞ்சாம் மாச ஸ்கேன்’ முதல் வாய்ப்பு. அதிலும் தவறுபவை உண்டு. கருவில் நுரையீரல் இயங்காததால் நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் ஒரு குறுங்குழாய் இணைத்திருக்க, பிறந்து ஓரிரு நாட்களில் அது மூடும் வரை கடுமையான குறையுள்ள குழந்தையும் நலமாகவே தோன்றக்கூடும். மூடிய பிறகு, வீட்டுக்குப் போன இடத்தில், பால் குடிக்க முடியாமல் மூச்சு வாங்கும். கருநிறக் குழந்தைகளில் நீலம் கண்ணுக்கு எளிதில் படுவதுமில்லை. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு அறிமுகமான பல்ஸ் ஆக்சிமீட்டரை, பிறந்து 24 மணி நேரத்துக்குப் பின் குழந்தையின் வலக்கையிலும் ஒரு காலிலும் பொருத்தி, அளவு 95 விழுக்காட்டுக்குக் குறைந்தாலோ இரண்டுக்கும் 3 புள்ளிகளுக்கு மேல் வேறுபாடு இருந்தாலோ மறுபடி அளந்து, மாறாவிட்டால் எக்கோ எடுப்பதே இதற்கான சோதனை. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற, பிரசவங்கள் குவியும் மருத்துவமனைகளில் இதற்குச் செலவிடும் சில நிமிடங்கள் உயிர் காப்பவை.

மருத்துவத்துக்குத் தொலைதூரம் போக வேண்டியதில்லை. பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில்தான் கே.எம்.செரியன் 1975-இல் நாட்டின் முதல் இதயத் தமனி மாற்றுவழி அறுவையைச் செய்தார். குழந்தைகளின் இதய அறுவைக்கும் இங்கு வழியமைத்தவர் அவர். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் பிறவி இதயக் குறைக்கான அறுவைகளை ஏற்கிறது.

ஆனால் தடுக்க வேண்டியதைக் கருத்தரிக்கும் முன்பே தடுத்தாக வேண்டும். தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தொடங்கிய தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் 15 வயதுக்குட்பட்டோருக்கு மட்டுமே நடந்தது; ஆகையால் 2002-க்கு முன் பிறந்த பெண்களில் பலர் அதில் விடுபட்டிருப்பர். திருவொற்றியூர் முதல் காசிமேடு வரை திருமணத்துக்கு நாள் குறிக்கும் குடும்பங்கள், மணப்பெண் இத்தடுப்பூசியைப் போட்டிருக்கிறாரா என்று விசாரித்து, இல்லையெனில் கருத்தரிப்பதற்கு ஒரு மாதமாவது முன்னதாகப் போட்டுவிட வேண்டும். கருவுற்ற பின் அதைப் போடக்கூடாது.