தாடி ஓணான் வளர்ப்பு

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியிற் கட்டிக்கொண்டு, பின்னர் அது குத்துகிறது, குடைகிறது என்று முறையிட்டவனைப் பற்றிய பழமொழியை அறியாத தமிழர் இலர். வேண்டாத தொல்லையைத் தானே தேடிக்கொள்பவனை இடித்துரைக்க நம் முன்னோர் கண்ட உவமை அது. ஆயினும், ஓணான் இனத்தைச் சேர்ந்த ஒரு பிராணியை விலை கொடுத்து வாங்கி, வீட்டின் நடுவே இடங்கொடுத்து, மடியிலும் தோளிலும் ஏற்றி மகிழ்வோர் இன்று அவுஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மிகப் பலர். அப்பிராணியை ஆங்கிலத்தில் 'பியர்டட் டிராகன்' என்பர். நாம் அதனைத் தாடி ஓணான் என்று அழைப்போம். முதன்முறையாக அதனை வளர்க்க முற்படுவோர் எவற்றை அறிந்திருத்தல் வேண்டும், அறியாவிடின் அவ்வுயிருக்கு நேரும் கேடு யாது என்பனவே இன்றைய பேச்சின் பொருளாகும்.

தாடி ஓணானின் தாயகம் அவுஸ்திரேலியா. அங்கு இதில் பல வகைகள் உள. வீடுகளில் பெரிதும் வளர்க்கப்படுவது 'பொகோனா விட்டிசெப்ஸ்' என்னும் பெயருடைய வகையாகும். 'பொகோன்' என்பது தாடியைக் குறிக்கும் கிரேக்கச் சொல். ஜெர்மானிய விலங்கியலறிஞரான ஏர்ன்ஸ்ட் ஆல் என்பவர் 1926 ஆம் ஆண்டில் இவ்வகையை அறிவியலுலகிற்கு விவரித்தார். குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தென் அவுஸ்திரேலியா முதலிய மாநிலங்களின் உட்பகுதிகளிலுள்ள வறண்ட புதர் நிலங்களே இதன் உறைவிடம். வளர்ந்த பிராணி வால் உட்பட 50 முதல் 60 சதமமீற்றர் நீளம் இருக்கும். கழுத்தின் கீழே முட்கள் போன்ற செதில்கள் வரிசையாக உள. வெருட்சி கொள்ளும்போது தொண்டையை உப்பச் செய்து கரிய நிறமாக்கும். அதுவே தாடி.

நம் வீட்டு வேலியில் இருந்து தலையசைக்கும் ஓணானும் இதுவும் 'அகாமிடே' என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆதலின் தலையசைப்பு இதற்கும் உண்டு. இன்னும், ஒரு முன்னங்காலை உயர்த்தி மெல்லச் சுழற்றும் வழக்கமும் உண்டு. அது தமக்கு வணக்கம் கூறுகிறது எனச் சிறுவர் மகிழ்வர். தன்னினும் வலிய ஒன்றின்முன் பணிவை அறிவிக்கும் சைகையே அது என்பது ஆய்வாளர் கருத்து. பகலில் விழித்திருப்பது, எளிதிற் கடியாதது, கையிலேந்த இணங்குவது ஆகிய இயல்புகளாலேயே இப்பிராணி வீட்டுப் பிராணியாயிற்று.

நேயர்களே, இனித்தான் கருதவேண்டிய செய்தி வருகிறது. நன்கு பேணப்படும் தாடி ஓணான் பத்தாண்டு, அதற்கு மேலும் வாழவல்லது. எனினும் உணவுக்குக் குறைவில்லாத வீட்டிலேயே இளமையில் எலும்பு வளைந்து, தாடை மெலிந்து மடிந்துபோவனவும் உள. அன்பு இல்லாமையால் நேரும் மரணமன்று அது. நாயையும் பூனையையும் வளர்த்துப் பழகிய மனிதன், அவற்றைப் போலவே இதனையும் எண்ணிவிடுவதால் நேருவது. நாயின் உடல் உண்ட உணவிலிருந்து தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே உண்டாக்கிக் கொள்கிறது. ஓணானின் உடல் அதனைப் போதிய அளவு செய்யாது. அதற்கு வெப்பம் வெளியிலிருந்து, சூரியனிடமிருந்து, வரவேண்டும். அதனைக் கண்ணாடிப் பெட்டியில் அடைப்பவன் அதனிடமிருந்து சூரியனைப் பறித்துக்கொள்கிறான். பறித்ததை ஈடுசெய்வதே வளர்ப்பவனின் முதற்கடன்.

காட்டில் அதன் ஒருநாள் வாழ்வைப் பாருங்கள். காலையில் கல்லின்மீதோ வேலிக்கம்பத்தின்மீதோ ஏறி, உடலைத் தட்டையாக்கி, நிறத்தைக் கருமையாக்கி வெயில் காயும். கரிய நிறம் வெப்பத்தை விரைந்து ஏற்கும் அன்றோ? உடல் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பத்தை அடைந்தபின் நிறம் வெளுக்கும். இரை தேடப் புறப்படும். வெப்பம் மிகுமாயின் வாயைத் திறந்து வைத்திருக்கும். பின்னர் நிழலுக்குச் செல்லும். இவ்வாறு வெயிலுக்கும் நிழலுக்கும் மாறிமாறிச் சென்றே தன் உடல் வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்கிறது. இவ்வினத்தின் வாழ்வு முட்டைப் பருவத்திலேயே வெப்பத்தோடு பிணைந்தது. முட்டைகள் 32 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் அடைகாக்கப்படின், மரபணுப்படி ஆணாக வேண்டிய கருக்கள் பெண்ணாக மாறக்கூடும் என அவுஸ்திரேலிய ஆய்வாளர் 2007 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். காட்டிலும் அவ்வாறு நிகழ்வதை 2015 இல் உறுதிப்படுத்தினர்.

ஆகவே, கூடு அமைக்கும்போது அதன் ஒரு பக்கம் வெயிலாகவும் மறுபக்கம் நிழலாகவும் இருத்தல் வேண்டும். வளர்ந்த ஒரு பிராணிக்கு 120 சதமமீற்றர் நீளமும், 60 அகலமும், 60 உயரமும் உள்ள கூடு தேவை. ஒரு முனையில் மேலிருந்து வெப்பந் தரும் மின்குமிழைப் பொருத்தி, அதன் கீழே ஏறியமர்வதற்கு ஒரு கல்லோ மரக்கிளையோ வைத்தல் வேண்டும். அவ்விடத்து வெப்பம் ஏறத்தாழ 40 பாகையும், மறுமுனையின் வெப்பம் ஏறத்தாழ 25 பாகையும் இருத்தல் நன்று. கையால் தொட்டு மதிப்பிடுதல் கூடாது. இரு முனைகளிலும் வெப்பமானி வைத்து அளத்தலே முறை. அடியிலிருந்து சூடேறும் மின்கற்களை வாங்காதிருத்தல் நன்று. மேலிருந்து வரும் வெப்பத்தை நாடும் பிராணி, வயிற்றின் கீழுள்ள சூட்டின் அபாயத்தை உணராது அங்கேயே கிடந்து வெந்துபோவதுண்டு. இரவில் விளக்குகளை அணைத்துவிடல் வேண்டும். பாலைநிலத்து இரவும் குளிர்ந்ததே. எனினும் கூட்டின் வெப்பம் 18 பாகைக்குக் கீழே இறங்காமற் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

வெப்பம் சூரியன் தரும் ஒரு கொடைதான். இன்னொரு கொடை கண்ணுக்குப் புலனாகாதது. சூரிய ஒளியிலுள்ள கழியூதாக் கதிர்களில் 'பீ' என்னும் பிரிவு தோலிற் படும்போது, அங்குள்ள ஒரு பொருள் மாற்றமடைகிறது; பின்னர் உடல் வெப்பத்தின் துணையால் அது விற்றமின் டீ மூன்றாகிறது. அந்த விற்றமின் இல்லையேல், உண்ட உணவிலுள்ள கல்சியத்தைக் குடல் நன்கு உறிஞ்சாது. இரத்தத்தில் கல்சியம் குறையுமாயின், உடல் அதனைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும். வருவாய் இல்லாதவன் வீட்டின் கூரைமரத்தைப் பிடுங்கி விறகாக்குவது போன்ற செயல் அது. தாடை இரப்பர் போல் மெதுவாகும், கால்கள் வளையும், விரல்கள் நடுங்கும், சிறு வீழ்ச்சியிலும் எலும்பு முறியும். வீட்டு ஓணான்கள் பலவற்றை வாட்டும் நோய் இதுவே.

இங்கே பலரும் ஏமாறும் ஓரிடம் உண்டு. பெட்டியைச் சாளரத்தின் அருகே வைத்தால் வெயில் வருமே, அது போதாதா என்று கேட்பர். வெயில் வரும், ஆனால் சாளரக் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். ஒளியும் சூடும் உள்ளே வர, வேண்டிய கதிர் வெளியே நின்றுவிடும். போதாக்குறைக்கு, மூடிய கண்ணாடிப் பெட்டி வெயிலில் அளவுக்கு மிஞ்சிச் சூடேறி உயிருக்கே உலையாகும். ஆதலின், இக்கதிரைத் தருவதற்கென்றே செய்யப்பட்ட குழல்விளக்கைக் கூட்டினுள், கண்ணாடி இடைநில்லாதவாறு பொருத்தி, நாள்தோறும் 10 முதல் 12 மணிநேரம் எரியவிடல் வேண்டும். எவ்வளவு உயரத்திற் பொருத்துவது என்பதை விளக்குடன் வரும் குறிப்பைப் பார்த்தறியலாம். விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும், ஆனால் அதன் கதிர் காலப்போக்கிற் குன்றிவிடும். கண்ணுக்கு அவ்வேறுபாடு தெரியாது. எனவே, வாங்கிய நாளைக் குறித்துவைத்து, தயாரித்தோர் கூறும் காலத்தில், பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை, புதியதை மாற்றுதல் வேண்டும்.

இனி உணவு. இளங்குட்டி பெரும்பாலும் பூச்சியுண்ணி; நாளுக்கு இரண்டு மூன்று முறை உண்ணும். வளர்ந்தபின் கீரையும் காயுமே பெரும்பங்காக, பூச்சி கிழமைக்கு இரண்டு மூன்று நாள் போதும். சுவர்க்கோழி, வெட்டுக்கிளி முதலியன ஏற்றவை. அதன் இரு கண்களுக்கும் இடைப்பட்ட தூரத்தினும் பெரிய பூச்சியைக் கொடுத்தலாகாது. இப்பூச்சிகளில் பொசுபரசு மிகுதி, கல்சியம் குறைவு. ஆதலால் அவற்றைக் கல்சியத் தூளிற் புரட்டிக் கொடுப்பர். எஞ்சிய பூச்சிகளை இரவில் கூட்டினுள் விட்டுவைத்தால், உறங்கும் ஓணானை அவை கடிக்கும். ஸ்பினாச் என்னும் கீரையிலுள்ள ஒட்சலேற்று கல்சியத்தைப் பற்றிக்கொள்வதால், அதனை நாளாந்த உணவாக்குதல் தகாது. வெண்ணெய்ப்பழம் எனப்படும் அவக்காடோ நஞ்சாகும். அதனினும் கொடியது மின்மினி. சில மின்மினிகளின் உடலிலுள்ள நஞ்சால், அவற்றையுண்ட தாடி ஓணான்கள் மாண்டமையை அமெரிக்க அறிஞர் 1999 இல் எடுத்துக்காட்டினர். அவுஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் தோன்றிய இப்பிராணிக்கு அமெரிக்க மின்மினியின் நஞ்சை அறியும் உணர்வு அமையவில்லை. பிறந்த மண்ணை விட்டு வந்த உயிருக்கு வளர்ப்பவனின் அறிவே காப்பு.

ஒரு கூட்டில் ஒன்றே வாழல் வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்திருப்பதைக் கண்டு நட்பென மயங்குவோர் உளர். வெப்பமான இடத்திற்கான போட்டியே பெரும்பாலும் அது. குட்டிகளுக்கு மணற்பரப்பு வேண்டாம். விழுங்கினால் குடல் அடைபடக்கூடும். காகிதமோ தரையோடோ போதும். குளிர்காலத்தில் வளர்ந்த பிராணி உண்பதைக் குறைத்து வாரக்கணக்கில் உறங்குவது இயல்பு. எனினும் நோயும் அவ்வாறே தோன்றுமாதலின், முதன்முறை வளர்ப்போர் ஊர்வனவற்றை நன்கறிந்த மிருக வைத்தியரிடம் காட்டித் தெளிதல் நன்று. ஓணான் குரைக்காது, முனகாது. உண்ணாமை, எடை குறைதல், கண் குழிதல், நடுக்கம் ஆகியனவே அதன் மொழி. மனிதர் நலமும் இங்கு உண்டு. நலமாகத் தோன்றும் ஓணானின் கழிவிலும் சல்மனெல்லா என்னும் கிருமி இருத்தல் கூடும். தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல் கட்டாயம். ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுள்ள வீட்டில் இதனை வளர்க்காதிருப்பதே சிறப்பு.

சட்டமும் ஒன்றுண்டு. நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா முதலிய மாநிலங்களில் இதனை வளர்க்க அனுமதிப்பத்திரம் வேண்டும். காட்டிற் பிடித்துவருதல் குற்றம். அவுஸ்திரேலியா தன் காட்டுயிர்களை வீட்டுப்பிராணி வாணிகத்திற்காக ஏற்றுமதி செய்ய விடுவதில்லை. பிறநாட்டு வீடுகளிலுள்ளவை தலைமுறை தலைமுறையாகக் கூட்டிலே பிறந்தவற்றின் வழி வந்தவை. அங்கு வாழும் நம் உறவினர் இல்லங்களிலும் பிள்ளைகள் இதனைக் கேட்டு அடம்பிடித்தல் கூடும். அத்தகையோர், பிராணியின் விலையை மட்டும் எண்ணாது, கூடும் விளக்கும் மின்சாரமும் மருத்துவமும் பத்தாண்டுக்கு ஆகும் செலவையும் எண்ணிப் பார்ப்பாராக. கூட்டை முதலில் அமைத்து, வெப்பத்தைச் சில நாள் அளந்து சீர்செய்தபின், பிராணியைக் கொணர்வதே நன்முறை.

இச்செய்தி கேட்டு, நம் நாட்டு ஓணானைப் பிடித்து அடைக்க யாரும் எண்ணுதல் வேண்டா. நம் மலைக்காடுகளில் மூக்கின்மேல் கொம்புடைய ஓணான்கள் வாழ்கின்றன. இலங்கையிலன்றி உலகில் வேறெங்கும் அவை இல்லை. அவற்றைக் களவாகக் கடத்தி வெளிநாடுகளில் விற்போர் இருந்தமையாலேயே, 2019 ஆம் ஆண்டில் அவை அனைத்துலக வாணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியல்களிற் சேர்க்கப்பட்டன. குளிர்ந்த காட்டின் ஈரத்திலும் நிழலிலும் வாழும் அவற்றுக்கு எந்த மின்விளக்கும் ஈடாகாது. கூட்டில் பிறந்த உயிரை ஏற்போர் அதற்குச் சூரியனாக இருக்கும் பொறுப்பையும் ஏற்கட்டும். சூரியனை உடைய உயிர்களை அதன் கீழேயே விட்டுவிடுவோம்.