கூண்டைத் திறந்துவிட்டால் போதாது

அத்தை வீட்டுத் திண்ணையில் பதினோரு வருஷம் ஒரு பச்சைக்கிளி இருந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே “அக்கா, வா” என்று கூப்பிடும். கொய்யாப்பழத்தை ஒற்றைக் காலில் பிடித்துக்கொண்டு, சதையை உதறித் தள்ளிவிட்டு விதையை நோண்டித் தின்னும். வீட்டில் எல்லாருக்கும் அதன் மேல் உயிர். கூண்டு மட்டும் கோயில் மணி வடிவத்தில் ஒரு சின்ன இரும்புக் கூண்டு. இறக்கையை விரித்தால் இரண்டு பக்கமும் கம்பி இடிக்கும். வால் இறகுகள் கம்பியில் உரசி உரசி, நுனி ஒடிந்து, தேய்ந்த துடைப்பம் போல் ஆகியிருந்தன. கிளியின் வாலே அப்படித்தான் போல என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். வேப்பமரத்தில் கூட்டமாக வந்து இறங்கிய கிளிகளைக் கவனித்துப் பார்த்த ஒரு சாயங்காலம்தான், அந்த வால் உடம்பைவிட நீளமானது என்று தெரிந்தது.

பச்சைக்கிளி வளர்த்தால் அபராதம் என்று பேப்பரில் படித்த மாமா, மறுநாள் காலையில் கூண்டை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிட்டார். நல்ல மனசோடுதான் செய்தார். கிளி வெளியே வரவே கால் மணி நேரம் ஆனது. வந்ததும் பறந்தது, எதிர்வீட்டுக் கைப்பிடிச் சுவரை எட்ட முடியவில்லை. பாதியிலேயே தாழ்ந்து, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஓரம் விழுந்தது. நாலைந்து காக்கைகள் சூழ்ந்துகொண்டன. மாமா படியிறங்கி ஓடுவதற்குள் முடிந்துவிட்டது. கடைசிவரை அது “அக்கா, வா” என்றுதான் கத்தியது.

அந்தக் காலையை மறக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன். பச்சைக்கிளியை வீட்டில் வைத்திருப்பது தவறு. தவறு என்று தெரிந்ததும் கூண்டைத் திறந்துவிடுவது அதைவிடப் பெரிய தவறு.

முதலில் சட்டம். நம் ஊர்ப் பச்சைக்கிளி, அதாவது ஆணுக்குக் கழுத்தில் ரோஜா நிற வளையம் இருக்கும் கிளி, 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. 2022ல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, அது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. தோளில் சிவப்புத் திட்டுள்ள பெரிய கிளி, செந்தலைக் கிளி என நம் நாட்டுக் காடுகளில் உள்ள மற்றக் கிளிகளுக்கும் பாதுகாப்பு உண்டு. பிடிப்பது, விற்பது, வாங்குவது, வீட்டில் அடைத்து வைப்பது எல்லாமே குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். கூட்டைக் கலைத்தாலும், முட்டையை எடுத்தாலும் வேட்டைதான் என்கிறது சட்டம்.

இது ஏட்டில் மட்டும் இருக்கும் சட்டம் என்று நினைக்க வேண்டாம். 2023 பிப்ரவரியில் சென்னையில் ஒரு திரைப்பட நகைச்சுவை நடிகரின் வீட்டிலிருந்து இரண்டு பெரிய கிளிகளை வனத்துறை எடுத்துச் சென்று, அபராதம் விதித்தது. 2024 மக்களவைத் தேர்தல் சமயத்தில் கடலூரில் கிளி ஜோசியம் பார்த்த ஒருவரை, கூண்டுக் கிளிகளுக்காகவே பிடித்தார்கள்.

“நாங்க பிடிக்கலையே, காசு குடுத்துதானே வாங்கினோம்” என்று பலர் சொல்கிறார்கள். அந்தக் காசுதான் பிடிக்க வைக்கிறது. மொட்டைத் தென்னையிலும் பழைய மரப்பொந்துகளிலும் குஞ்சு பொரிக்கும் மாதங்களில், இறகு முளைக்காத குஞ்சுகளைக் கைவிட்டு எடுத்து, பையிலும் அட்டைப்பெட்டியிலும் அடைத்து நகரத்துக்குக் கொண்டுவருகிறார்கள். வழியில் செத்தவை போக மிஞ்சியதுதான் உங்கள் கைக்கு வருகிறது. பொந்துக்காக மரத்தையே வெட்டிச் சாய்ப்பவர்களும் உண்டு. அடுத்த வருஷம் அங்கே கூடு வைக்க இடம் இருக்காது.

இன்னொரு ஏமாற்று வேலை: “இது பச்சைக்கிளி இல்லை சார், ரிங்நெக், வெளிநாட்டு வெரைட்டி” என்று நீல நிறத்திலும் மஞ்சள் நிறத்திலும் கிளி விற்பார்கள். நிறம்தான் வேறு, இனம் அதே பச்சைக்கிளிதான். அதை வாங்காதீர்கள் என்பதே என் ஆலோசனை.

சரி, ஏற்கெனவே வீட்டில் பச்சைக்கிளி இருக்கிறது, என்ன செய்வது? உங்கள் பகுதி வனச்சரக அலுவலகத்துக்கோ மாவட்ட வன அலுவலருக்கோ தகவல் கொடுங்கள். சென்னையில் இருப்பவர்கள் கிண்டியில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தை அணுகலாம். மதுரை போன்ற மாவட்டங்களில் கெடு அறிவித்து, அதற்குள் தாமாக ஒப்படைக்கச் சொல்லி வனத்துறையே மக்களைக் கேட்டுக்கொண்டது. பிடிபடும்வரை காத்திருப்பதற்கும் தாமாகக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எத்தனை வருஷமாக இருக்கிறது, என்ன தின்கிறது, இறக்கை வெட்டப்பட்டதா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வருஷக்கணக்கில் கூண்டில் இருந்த கிளிக்கு மார்புத் தசை வற்றிப்போயிருக்கும். இரை தேடத் தெரியாது, பருந்தைக் கண்டால் ஒளியத் தெரியாது. பெரிய அடைப்பில் மற்றக் கிளிகளோடு பல வாரம் பறந்து பழகிய பிறகே வெளியே விட முடியும். சில கிளிகளைக் கடைசிவரை விடவே முடியாமலும் போகலாம். அதையெல்லாம் தெரிந்தவர்கள் முடிவு செய்யட்டும்.

கீழே விழுந்த குஞ்சைக் கண்டால் முதலில் மேலே பாருங்கள். பொந்து தெரிந்து, ஏறவும் முடிந்தால் திரும்ப வைத்துவிடலாம். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் நம்பிக்கை.

ஒப்படைக்கும்போது வீட்டுப் பெரியவர்களுக்கு மனம் கேட்காது. அது எனக்குப் புரிகிறது. நம் மண்ணில் கிளி வெறும் பறவை இல்லை. ஆண்டாள் கையிலும் மீனாட்சி கையிலும் இருப்பது அது. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளின் கையில் இருக்கும் கிளியைத் தினமும் இலையாலும் பூவாலும் புதிதாகச் செய்கிறார்கள். மதுரைக் கோயிலில் கிளிக்கூண்டு மண்டபம் என்ற பெயர் இருக்கிறது. கூண்டில் கிளி இல்லை. பக்திக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை.

வீட்டில் குழந்தை அழுகிறது, ஏதாவது ஒரு கிளி வேண்டும் என்றால், சட்டம் அனுமதிக்கும் வெளிநாட்டு இனங்கள் இருக்கின்றன. நம் ஊர்க் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்பது பெரும்பாலும் பட்ஜி என்ற சின்ன ஆஸ்திரேலியக் கிளி. கொண்டையுள்ள காக்டீலும் அந்த நாட்டுப் பறவைதான். இரண்டும் தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்டவை. பதிவு எதுவும் தேவையில்லை. உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. அவற்றில் முகம் மட்டும் பீச் பழ நிறத்தில் இருக்கும் இனத்துக்கும் இந்த விலக்கு உண்டு. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உள்ள இனங்களுக்கு இல்லை.

விலக்கு இல்லாதவை, அதாவது ஆப்பிரிக்கன் கிரே, மக்காவ், காக்கட்டூ, சன் கன்யூர் போன்றவை, வன உயிரினங்களுக்கான சர்வதேச வணிக ஒப்பந்தப் பட்டியலில் இருப்பவை. நம் சட்டத்தில் அவை நான்காம் அட்டவணை. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, இவற்றை வைத்திருப்பவர் கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் 1,000 ரூபாய். குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும், வேறொருவருக்குக் கொடுத்தாலும் தெரிவிக்க வேண்டும். விற்பவரிடம் பதிவுச் சான்று இல்லையென்றால் அந்தப் பறவையைத் தொடாதீர்கள். நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

கடைக்கும் பொறுப்பு உண்டு. 2018ஆம் ஆண்டு விதிகளின்படி, செல்லப்பிராணிக் கடைகள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தயக்கமே வேண்டாம். இனத்தின் பெயர், கால் வளையத்தின் எண், தேதி போட்ட பில் வாங்குங்கள். நோயுற்ற பறவையைத் தலையில் கட்டிவிட்டால், அந்தப் பில்லை வைத்துத்தான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ நுகர்வோர் ஆணையத்திலோ முறையிட முடியும். சமூக வலைத்தளங்களில் “பேசும் ஆப்பிரிக்கன் கிரே, பாதி விலை, அட்வான்ஸ் மட்டும் அனுப்புங்கள்” என்று வரும் விளம்பரங்களை நம்பாதீர்கள். முதலில் அட்வான்ஸ், பிறகு பார்சல் செலவு, பிறகு இன்ஷூரன்ஸ் என்று பணம் போய்க்கொண்டே இருக்கும், பறவை வராது. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை முடக்க வழி உண்டு.

வாங்குவதற்கு முன் இன்னொரு கணக்கும் போட வேண்டும், அது ஆயுள் கணக்கு. பட்ஜி ஐந்து முதல் பத்து வருஷம் இருக்கும். காக்டீல் பதினைந்து, இருபது. ஆப்பிரிக்கன் கிரே நாற்பது வருஷத்தைத் தாண்டும். பத்து வயது மகனுக்காக வாங்கும் கிரே, அவனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் வளர்ந்த பிறகும் இருக்கும். அவன் வேலைக்கு வெளியூர் போனால் யார் பார்த்துக்கொள்வது? இதற்குப் பதில் இல்லாத வீட்டுக்குக் கிளி வேண்டாம்.

பேசும் என்பதற்காக மட்டும் வாங்குவதும் வேண்டாம். கிளி பேசுவது கூட்டத்தில் சேர்ந்திருப்பதற்காக. கூட்டம் இல்லாததால் நம்மையே கூட்டமாக நினைத்துப் பேசுகிறது. நாள் முழுக்கத் தனியாக விட்டால் கத்தும், பிறகு தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். வசம்பைத் தடவினால் பேச்சு வரும் என்று நாக்கில் தேய்ப்பது வெறும் கொடுமை. கிளிக்குக் குரல் பிறப்பது மூச்சுக்குழாயின் அடியில்.

மணிக் கூண்டை வீட்டுக்குள் சேர்க்காதீர்கள். உயரத்தைவிட நீளம்தான் முக்கியம். இரண்டு இறக்கையையும் முழுசாக விரித்துத் திரும்ப இடம் வேண்டும். அசைய இடமில்லாத கூண்டில் அடைப்பதை 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் குற்றமென்றே சொல்கிறது. துத்தநாகம் பூசிய மலிவான கம்பியைக் கிளி கடித்துக்கொண்டே இருந்தால் விஷமாகும். வெளியே விடும் நேரத்தில் முதல் எமன் சீலிங் ஃபேன். சுவிட்சை அணைத்து, ஜன்னலைச் சாத்தி, தண்ணீர் வாளியை மூடிய பிறகே கூண்டுக் கதவைத் திறக்க வேண்டும். இரவில் பத்துப் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். டிவி ஓடும் ஹாலில் அது கிடைக்காது.

அடுப்படிப் பக்கம் கூண்டை வைக்கவே கூடாது. நான்ஸ்டிக் தவா அடுப்பில் காய்ந்து அதிகச் சூடேறினால் அதிலிருந்து வரும் ஆவி நம் மூக்குக்குத் தெரியாது. கிளி சில நிமிஷத்தில் செத்துவிழும். பறவையின் நுரையீரல் அப்படி, காற்றில் உள்ளதை நம்மைவிட வேகமாக இழுத்துக்கொள்ளும். கொசுவர்த்தி, சாம்பிராணி, ஸ்பிரே எதுவும் அந்த அறையில் வேண்டாம்.

தீனி விஷயத்தில் நம் வீடுகளில் நடப்பது பெரும்பாலும் தப்பு. சூரியகாந்தி விதையை மட்டுமே போட்டு வளர்த்தால் கொழுப்பு ஏறிக் கல்லீரல் கெடும், வைட்டமின் ஏ குறையும். முருங்கைக்கீரை, கேரட், பூசணி, பப்பாளி, முளைகட்டிய பயறு, கொஞ்சம் தினை இவையெல்லாம் நம் சமையலறையிலேயே இருப்பவை. பச்சைமிளகாய் கொடுக்கலாம், கிளிக்குக் காரம் உறைக்காது. அவகாடோ, சாக்லேட், காபி, உப்புப் பண்டம் கூடவே கூடாது.

கிளி நோயை மறைக்கும். காட்டில் சோர்வைக் காட்டினால் பருந்துக்கு இரையாகிவிடும் என்பதால் வந்த பழக்கம் அது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்தால், மூச்சுவிடும்போது வால் மேலும் கீழும் ஆடினால், எச்சத்தின் நிறம் மாறினால், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வைத்தால், கண்ணுக்குத் தெரியும் முன்பே எடை சொல்லிவிடும். பறவை பார்க்கும் கால்நடை மருத்துவர் யார் என்பதை வாங்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் சிகிச்சைப் பிரிவுகள் உண்டு. நாம் சாப்பிடும் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது ஆபத்து.

நமக்கும் அதனால் நோய் வரலாம். காய்ந்த எச்சம் தூசியாகி மூச்சில் போனால் கிளிக்காய்ச்சல் என்ற நுரையீரல் தொற்று வர வாய்ப்பு உண்டு. காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் என்று தொடங்கும். மருந்து இருக்கிறது, ஆனால் டாக்டரிடம் “வீட்டில் கிளி இருக்கிறது” என்று நீங்கள் சொன்னால்தான் அவருக்கு அந்தச் சந்தேகம் வரும். துடைப்பத்தால் பெருக்காமல், ஈரத் தாளால் துடைத்தெடுங்கள். வாயில் பழத்தை வைத்து ஊட்டும் பழக்கத்தைக் குழந்தைகளிடம் உடனே நிறுத்துங்கள். ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டில், இறகுத்தூள் உதிர்க்கும் காக்டீலும் கிரேயும் வேண்டாம்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலோ, சொந்தக்காரர் வீட்டிலோ ஒரு பச்சைக்கிளி இருக்கலாம். இன்றைக்கே வனச்சரக அலுவலகத்துக்குப் பேசுங்கள். அவர்கள் வரும்வரை, தயவுசெய்து, கூண்டைத் திறக்காதீர்கள்.